பழசு எடுத்துடு

மகேஸ்வரி அக்கா புதுக் கம்ப்யூட்டர் வாங்கிய அன்று, அதைப் பெட்டியிலிருந்து தூக்கி மேசைமேல் வைத்தது நான்தான். முப்பத்திரண்டு ஜிபி ராம். பெட்டியின்மேல் அதைப் படித்ததும் எனக்கு வாயில் எச்சில் ஊறியது. என் லேப்டாப்பில் இருப்பது நான்கு. சேர்ந்தாற்போல் இரண்டு வேலை கொடுத்தால் போதும், அதன் விசிறி, ஹனூரில் எங்கள் அப்பா உழவு ஓட்டும் டிராக்டரைப் போலக் கத்தும்.

நான் தருண்குமார். மைசூரில் பி.சி.ஏ. கடைசி வருடம். விஜயநகரில் அக்கா வீட்டு மாடியில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறேன். சொந்த அக்கா இல்லை, வீட்டுக்கார அக்கா. கீழே முன்னறையில் எம்ப்ராய்டரி மெஷின் போட்டு, ஜாக்கெட்டுகளுக்குப் பூ வேலை செய்து தருகிறார். டிசைனை முதலில் கம்ப்யூட்டரில் வரைய வேண்டும். ஊசி எந்தப் பக்கமாகப் போக வேண்டும், நூல் எவ்வளவு நெருக்கமாக விழ வேண்டும் என்று ஒவ்வொரு இதழுக்கும் சொல்லித் தர வேண்டும். முடித்ததைப் பென் டிரைவில் ஏற்றி மெஷினில் செருகினால், அது பாட்டுக்குத் தைக்கும்.

சிக்கல் என்னவென்றால், அந்த வரையும் சாஃப்ட்வேர் ரொம்பப் பழையது. பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அந்தப் பழைய விண்டோஸ் இருந்த கம்ப்யூட்டரோ, நினைத்தபோதெல்லாம் தானாக அணைந்துகொண்டிருந்தது. புதுக் கம்ப்யூட்டரில் அந்த சாஃப்ட்வேரைப் போட்டால் இது எனக்கு ஆகாது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டது.

“அக்கா, ஒண்ணும் கவலப்படாதீங்க. பழைய கம்ப்யூட்டர அப்படியே தூக்கி இந்தப் புதுசுக்குள்ள வெச்சுத் தாரேன்” என்றேன்.

“கம்ப்யூட்டருக்குள்ள கம்ப்யூட்டரா? ஏன்டா தருணு, அது என்ன மாசமா இருக்கா?”

“அதுக்குப் பேரு விர்ச்சுவல் மெஷினுங்க்கா. பெரிய கம்ப்யூட்டரு ஹோஸ்ட்டு. உள்ள ஓடறது கெஸ்ட்டு. வீட்டுக்காரங்களும் விருந்தாளியும் மாதிரி.”

“அப்ப நீ எங்க மாடியில இருக்கறாப்பல.”

“ஆமாங்க்கா.”

“கெஸ்ட்டு யாராவது தண்ணி டேங்க நிரம்பி வழிய விடுவாங்களா?”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு வேலையைத் தொடங்கினால் போதும் என்றிருந்தது. இந்த மாதிரி ஒரு மெஷினில் கை வைக்க எத்தனை நாளாகக் காத்திருந்தேன்!

விர்ச்சுவல் மெஷின் ஓட்டும் சாஃப்ட்வேரை இறக்கி இன்ஸ்டால் செய்தேன். உள்ளே ஒரு கெஸ்ட்டை உருவாக்கித் தொடங்கச் சொன்னதும் பிழைச் செய்தி வந்தது. மதர்போர்டில் அதற்கான வசதியை அணைத்தே வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி ஆன் செய்து, கறுப்புத் திரை வரும்போது டெலீட் பொத்தானைத் தட்டித் தட்டி உள்ளே போய், அதை உயிர்ப்பித்தேன். பழைய ஹார்டு டிஸ்கைக் கழற்றி முழுதாக ஒரே ஃபைலாகப் படியெடுத்தேன். பழைய சாஃப்ட்வேரைத் திறப்பதற்கு ஒரு சாவி உண்டு, பென் டிரைவ் போலவே இருக்கும். அதை உள்ளே இருக்கும் கெஸ்ட்டுக்குத் தெரியும்படி செய்தேன். புதுத் திரைக்குள் சின்னதாக ஒரு கட்டம் திறந்து, அதில் அக்காவின் பழைய திரை அச்சு அசலாக எழுந்து வந்தபோது அக்கா என் முதுகில் ஓங்கி ஒரு அடி அடித்தார்.

“சூப்பர்டா! எல்லாம் வெச்ச எடத்துலயே இருக்கு, அல்வா?” என்றார். அவர் ‘அல்வா’ கன்னட அல்வா, ‘இல்லையா’ என்று அர்த்தம்.

அந்தக் கெஸ்ட்டுக்குப் ‘பழசு’ என்று பெயர் வைத்தேன். ஆனால் அது டிஸ்கில் பாதிக்கு மேல் இடத்தை விழுங்கியிருந்தது. பல வருடக் குப்பை. அதனால் இன்னொரு கெஸ்ட்டைச் சுத்தமாக, சின்னதாக உருவாக்கினேன். அதே சாஃப்ட்வேரைப் போட்டு, அன்றுவரை இருந்த டிசைன்களை எல்லாம் அதற்கு மாற்றி, ‘புதுசு’ என்று பெயர் வைத்தேன். இனிமேல் இதிலேயே வேலை செய்யுங்கள் என்று சொன்னேன். சரி என்று தலையாட்டினார்.

கைமாறாக ஒன்று கேட்டேன். என் படிப்புக்கு மூன்று லினக்ஸ் கெஸ்ட்டுகளை ஒன்றோடொன்று இணைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். என் லேப்டாப்பில் அது நடக்காது.

“போட்டுக்கோ. என் வேலை மட்டும் கெடாமப் பாத்துக்கோ” என்றார்.

இப்போது அக்காவின் தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் மைசூர். படித்தது கன்னடத்தில். தமிழ் வீட்டுக்குள் மட்டும். கன்னடத்தில் கதவைத் திறப்பதற்கும் ஒன்றை எடுத்துப் போடுவதற்கும் ஒரே சொல்தான், ‘தெகி’. அதனால் அக்காவுக்குத் தமிழிலும் திற என்பது ‘எடு’. மூடு என்பது ‘போடு’. ஜன்னல எடு, பீரோவ எடு, ஃபைல எடு. அவர் கணவர் வேலாயுதம் அண்ணன் மேட்டூர்க்காரர். இங்கேயே மைசூரில் ஹெப்பாள் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. அவருக்கு இது தீராத வேடிக்கை.

“கல்யாணமான புதுசுல ‘கதவ எடுங்க’ன்னா தருணு. நான் நெசமாவே ஸ்க்ரூ டிரைவரத் தேடினேன்” என்பார்.

“சும்னே இருங்க. எடுத்தா தெறக்காதா என்ன?” என்று அக்கா முறைப்பார்.

எனக்கு இதில் குழப்பமே கிடையாது. எங்கள் ஊர் ஹனூரில் பாதிப் பேச்சு கன்னடம்தான். அக்கா ‘எடு’ என்றால் என் கை தானாகத் திறக்கும்.

ஸுஷ்மாவின் ஆர்டர் வந்தது அதற்குப் பிறகுதான். அதுவரை அக்கா கடைக்காரர்களுக்குத்தான் தைத்துக்கொண்டிருந்தார். வேலை அவருடையது, பெயர் கடையுடையது. ஸுஷ்மா நேராக வீட்டைத் தேடி வந்த முதல் கல்யாணப் பெண். பூர்வீகம் மேலுகோட்டை. ஜாக்கெட்டின் முதுகில் மயில் வேண்டாம், பல்லக்கு வேண்டாம், எங்கள் ஊர்க் கல்யாணிக் குளத்தின் படிக்கட்டு வேண்டும் என்று கேட்டாள். படிகள் இறங்கி இறங்கி நடுவில் தண்ணீர்.

“வரைஞ்சுடலாம். ஆனா ஒரு கண்டிஷன்மா. நீ ஜடை போடக்கூடாது. கொண்டை போடணும். இல்லன்னா என் படிக்கட்டெல்லாம் பூவுக்குக் கீழ போயிடும். போட்டோல முதுகு தெரியணும்” என்றார் அக்கா.

ஸுஷ்மா சிரித்துக்கொண்டே சம்மதித்தாள். அந்தப் போட்டோவைக் காட்டித்தான் இனிமேல் தன் பெயரிலேயே ஆர்டர் பிடிப்பது என்று அக்கா முடிவு செய்திருந்தார். கைப்பகுதிகளைத் தைத்து முடித்துவிட்டார். முதுகை வாரக்கணக்கில் வரைந்துகொண்டிருந்தார். வெயில் படும் படிக்கு ஒரு பச்சை, நிழல் படிக்கு ஒரு பச்சை. ஒவ்வொரு படிக்கும் நூலின் திசை வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் கீழே போனேன். என் மூன்றாவது லினக்ஸைப் போட வேண்டும். இரண்டு நன்றாக ஓடிக்கொண்டிருந்தன. மூன்றாவது பாதியில் நின்றுவிட்டது. டிஸ்கில் இடமில்லை. திரையின் இடது பக்கம் பட்டியல். அதில் ‘பழசு’ இருந்தது, அத்தனை இடத்தையும் அடைத்துக்கொண்டு. எரிச்சலாக வந்தது. எல்லாவற்றையும்தான் புதுசுக்கு மாற்றிக் கொடுத்தாயிற்றே, இது எதற்கு இன்னும் என்று.

அக்கா பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

“தருணு, கம்ப்யூட்டர் முன்னாடிதான இருக்க? அந்தப் பழசு எடுத்துடு. கை கழுவிட்டு வந்துடறேன்.”

எடுத்துடு.

அந்தச் சொல் காதில் விழுந்ததும் எனக்கு உள்ளே குபீரென்று ஒரு சந்தோஷம். அதை என்னால் மறக்க முடியவில்லை. பழசு என்பதன்மேல் சொடுக்கினேன். வலது பக்கம் ஒரு சின்னப் படம் வந்தது. ஒரு கெஸ்ட்டை அப்படியே நிறுத்தி வைத்தால், கடைசியாகத் திரையில் என்ன இருந்ததோ அதைக் கட்டைவிரல் அளவுக்குக் காட்டும். பச்சைப் படிகள். இறங்கி இறங்கி நடுவில் வெள்ளையாக ஒரு சதுரம்.

பார்த்தேன். பார்த்துவிட்டு, நீக்கு என்று கொடுத்தேன். பட்டியலிலிருந்து பெயரை மட்டும் நீக்கவா, ஃபைல்களையும் சேர்த்து அழிக்கவா என்று கேட்டது. பெயரை மட்டும் நீக்கினால் எனக்கு இடம் கிடைக்காது. அழி என்றேன்.

அக்கா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“எடுத்தியா?”

“எடுத்துட்டனுங்க்கா.”

“எங்க? காணோமே.”

“அதான் எடுத்தாச்சுங்களே.”

நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, மவுஸைப் பட்டியலில் மேலும் கீழும் நகர்த்தினார். புதுசு இருந்தது. என் லினக்ஸ்கள் இருந்தன. சிரிப்பு மெல்ல மெல்ல முகத்திலிருந்து வடிந்தது.

“எங்கடா பழசு?”

“நீங்கதானுங்க்கா எடுத்துடுன்னீங்க.”

அந்த வாக்கியம் எவ்வளவு வேகமாக வந்தது! முன்பே எழுதி வைத்திருந்தது போல.

“நான் எடுன்னா... ஓப்பன்டா. நான் அதுலதான வரைஞ்சிட்டிருந்தேன்.”

“புதுசுல வேலை செய்யச் சொன்னேனுங்களே.”

“அதுல கலர் வரிசை எல்லாம் வேற எடத்துல இருக்கு. கை போகல. அதான் பழசுலயே...” என்றவர் நிறுத்திக்கொண்டார். தப்பு செய்த குழந்தையைப் போல என்னைப் பார்த்தார். என்னை!

அன்று முழுக்க நான் முயன்றேன். அழிந்த ஃபைல்களை மீட்கும் சாஃப்ட்வேர்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். புது வகை டிஸ்க். அழித்ததும் அதுவே இடத்தைத் துடைத்துச் சுத்தம் செய்துவிடும். ஒன்றும் வரவில்லை. பழைய ஹார்டு டிஸ்கை மறுபடி மாட்டிப் பார்த்தேன். அதில் பழைய டிசைன்கள் இருந்தன. குளம் இல்லை. குளம் வரைந்ததெல்லாம் படியெடுத்ததற்கு அப்புறம்.

வேலாயுதம் அண்ணன் ஞாயிறு ஷிஃப்ட் முடிந்து வந்து விஷயத்தைக் கேட்டதும் முதலில் “அடப்பாவமே” என்றார். பிறகு அவரால் அடக்க முடியவில்லை.

“நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா? உன் தமிழு ஒரு நாள் ஆள விழுங்கும்னு. எடுன்னா அவன் என்ன பண்ணுவான் பாவம்? எடுத்துட்டான்!”

“ஆமா, என் தப்புதான்” என்றார் அக்கா. என் பக்கம் திரும்பி, “நீ மனசுல வெச்சுக்காதடா. சாப்பிட்டியா?” என்றார்.

நான் சாப்பிட்டேன். ராகிக் களி உருண்டையும் கீரைச் சாறும். சாப்பிடாமல் எழுந்தால் ஏன் என்று கேட்பார்கள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் என்னைக் கொன்றது. அக்கா திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் பேச்சை மாற்றிக்கொள்ள ஆரம்பித்தார். மறுநாள் காலை நான் படியிறங்கும்போது கூப்பிட்டார்.

“தருணு, அந்த ஜன்னல...” என்று நின்றார். உதடு அசைந்தது. “தெற... தெறந்து விடு. சரியா சொன்னேனா?”

“சரிங்க்கா” என்றேன். எனக்குக் காது சுட்டது.

அடுத்த நாள் அண்ணனிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: “ஃபேன் போடுன்னா சரியா? இல்ல, அதுவும் தப்பா?”

“அது சரிதான்டி. ஃபேனுக்குப் போடுதான்” என்று அண்ணன் சிரித்தார்.

“இல்ல, கதவப் போடுன்னா தப்பு, மூடுன்னுதான் சொல்லணும்னு சொன்னீங்களே. ஃபேனுக்கு மட்டும் போடு எப்படிச் சரி? என்னமோ போங்க, எனக்கு எல்லாம் பயமா இருக்கு.”

பிறந்ததிலிருந்து பேசிய பேச்சு. ஒவ்வொரு சொல்லையும் அரிசியில் கல் பார்ப்பது போலப் புரட்டிப் பார்த்துவிட்டு வாயில் போட்டார். முன்பெல்லாம் மாடிக்குக் கேட்கும்படி சத்தமாகப் பேசுகிறவர். இப்போது கீழே சத்தமே இல்லை. மெஷின் சத்தம் மட்டும்.

இடையிடையே குளத்தை மறுபடி வரைய உட்கார்ந்தார், புதுசில். நிறங்கள் இருக்கும் இடம் தெரியாமல் கை தடுமாறியது. நான் பக்கத்தில் நின்று எது எங்கே என்று காட்டினேன். முதல் வரிசைப் படிகளே சரியாக விழவில்லை. கல்யாணத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. என் லினக்ஸ்களை எல்லாம் நானே அழித்துவிட்டேன். யாரும் சொல்லவில்லை. அது ஒன்றும் பெரிய தண்டனையும் இல்லை. எப்போது வேண்டுமானாலும் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

இரண்டு நாள் கழித்து மதியம் ஸுஷ்மா வந்தாள். அளவு பார்க்க. நான் முன்னறையில் அந்தக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். அக்கா அவளை உட்கார வைத்து, மோர் கொடுத்து, கைப்பகுதிகளை எடுத்துக் காட்டினார். ஸுஷ்மா விரலால் தடவிப் பார்த்தாள்.

“எஷ்டு சென்னாகிதே, எவ்ளோ நல்லா இருக்கு ஆன்ட்டி! முதுகு எங்க?”

அக்கா தரையைப் பார்த்தார்.

“முதுகு வரலம்மா. வரைஞ்சது அழிஞ்சு போச்சு. என் பேச்சுனால வந்த தப்பு. எனக்குத் தமிழ் சரியா வராது. நான் ஒண்ணு சொன்னேன், இந்தத் தம்பி ஒண்ணு புரிஞ்சுக்கிட்டான். அவன் மேல தப்பில்ல. அவன் எனக்காக எவ்ளோ பண்ணியிருக்கான் தெரியுமா?”

ஸுஷ்மா என்னைப் பார்த்துப் புன்னகைத்தாள். பரவாயில்லை என்பது போல.

“எனக்குப் புரிஞ்சுதுங்க்கா” என்றேன்.

“என்னடா?”

“நீங்க எடுன்னா திறக்கோணும்னு எனக்குத் தெரியும். எப்பவுமே தெரியும். அன்னைக்கும் தெரியும்.”

அக்கா புரியாமல் பார்த்தார். நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று எனக்குத் தெரிந்தது. மூச்சு விடாமல் கொட்டினேன்.

“எனக்கு எடம் வேணும்னு இருந்துச்சுங்க்கா. நீங்க அந்த வார்த்தையச் சொன்னதும், நல்லதாப் போச்சு, நீங்களே சொல்லிட்டீங்கன்னு வெச்சுக்கலாம்னு... அழிக்கறதுக்கு முன்னாடி சின்னதா ஒரு படம் வந்துச்சு. அதுல படிக்கட்டு தெரிஞ்சுது. பாத்துட்டுத்தான் அழிச்சேன். புதுசுலயும் இருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பாக்கல. தெறந்து பாத்திருக்கலாம். பாக்கல.”

மெஷின் நின்றிருந்தது. தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள், கிளம்பவே இல்லை.

“படிக்கட்டு தெரிஞ்சுதா?” என்று அக்கா கேட்டார். குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போலிருந்தது.

“தெரிஞ்சுதுங்க்கா.”

“தண்ணி கூடவா?”

“வெள்ளையாத் தெரிஞ்சுது.”

“தண்ணிக்கு இன்னும் கலர் குடுக்கல” என்றார், ஸுஷ்மாவிடம் சொல்வது போல. பிறகு என்னிடம், “நான் பேசின பேச்சுல தப்பில்ல, அல்வா?”

“இல்லீங்க்கா.”

“அப்ப அத அவருக்கும் நீயே சொல்லிடு. இப்ப மேல போ.”

நான் எழுந்தேன். பின்னால் ஸுஷ்மா மெதுவாகச் சொல்வது கேட்டது: “பரவால்ல ஆன்ட்டி. நான் ஜடையே போட்டுக்கறேன். பூ வெச்சா முதுகு தெரியாது. சிம்பிளா ஒரு பார்டர் மட்டும் போட்டுடுங்க.”

அவள் ஆறுதலுக்குத்தான் சொன்னாள். அக்கா சரிம்மா என்றது எனக்குக் கேட்டது.

சாயங்காலம் வேலாயுதம் அண்ணன் வரும்வரை வாசலில் நின்றிருந்தேன். வண்டியை நிறுத்துவதற்குள் சொல்லிவிட்டேன். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டார். முடித்ததும், என்னை அடிப்பார் என்று நினைத்தேன்.

“முன்னாடியே சொல்லியிருந்தா, நானாவது வாய மூடிட்டு இருந்திருப்பேனேப்பா” என்றார். “ஃபேக்டரியில எல்லார்ட்டயும் சொல்லிச் சிரிச்சேன்டா அவள.”

அவர் உள்ளே போனார். என்ன பேசினார்கள் என்று தெரியாது.

ஸுஷ்மாவின் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு கல்லூரிக்குக் கிளம்பிப் படியிறங்கினேன். முன்னறையில் ஒரு புதுக் குரல் கேட்டு நடுப்படியில் நின்றேன். கதவு இடுக்கில் ஒரு கடையின் பெயர் போட்ட சட்டை தெரிந்தது. தெருமுனைக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை மனோஜ்குமார். புதுசு என்ற கெஸ்ட் பென் டிரைவை ஏற்கவில்லை போலிருக்கிறது. என்னைக் கேட்டிருந்தால் ஒரு நிமிட வேலை, ஒரே ஒரு டிக் போட வேண்டும். அக்கா மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். சட்டத்தில் ஸுஷ்மாவின் ஜாக்கெட் முதுகு இறுக்கிக் கட்டியிருந்தது. கழுத்தை ஒட்டி மெல்லிய ஒரு பார்டர். அதற்குக் கீழே வெறும் பட்டு.

“இது யாரு மேடம் இன்ஸ்டால் பண்ணுனது? செட்டிங்கெல்லாம் கச்சிதமா இருக்கு.”

“மேல ஒரு பையன் குடியிருக்கான். அவன்தான்.”

“வீட்டுலயே ஆள வெச்சுக்கிட்டு எதுக்கு மேடம் கடைக்கு போன் பண்ணுனீங்க? அவனுக்கே தெரிஞ்சிருக்குமே.”

“அவனுக்கு எல்லாம் தெரியும்” என்றார் அக்கா. ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார், தலையை நிமிர்த்தவில்லை. “அதான் கூப்பிடல.”

நான் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மீதிப் படிகளைச் சத்தமில்லாமல் இறங்கினேன்.